ஆளுக்கொரு அறை

“தம்பி, பால்கனி அம்சமா இருக்குன்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க” என்றார் கணவர்.

“பால்கனியில நாற்காலியைப் போட்டா ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் உள்ளே வருவார். இந்த வீடு வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்க” என்றாள் மனைவி.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட வீட்டுப் புரோக்கருக்குத்தான் கழுத்து வலித்தது. “என் கல்யாணத்தன்னைக்குச் சண்டை போட்டவங்க. இன்னும் பேச்சுவார்த்தை இல்லை” என்று அவர்கள் மகள் போனிலேயே எச்சரித்திருந்தாள்.

பெரிய மாடிவீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்கு வருகிறார்கள். ஆளுக்கொரு அறை இல்லையென்றால் ரணகளம்தான் என்று அவன் தேடித் தேடி இரண்டு படுக்கையறை வீடாகவே காட்டினான். அந்தம்மா எல்லாவற்றையும் தட்டிக்கழித்தாள். ஒன்றில் ஹால் ரொம்ப அகலமாம்; இன்னொன்றில் பின்பக்கம் தனி வாசலாம்.

கடைசியில் கூசிக்கொண்டே தீப்பெட்டி போல ஓர் ஒற்றை அறை வீட்டைக் காட்டினான். சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் தாண்ட முடியாது.

கணவர் உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தார். திரும்பினால், வழியை அடைத்துக்கொண்டு மனைவி!

“தம்பி, வழிவிடச் சொல்லுங்க!”

“தம்பி, நீங்க வெளியே இருங்க” என்றாள் அவள்.

அவன் வாசலுக்கு நகர்ந்தான். உள்ளே கணவரின் செருமல்.

“கொஞ்சம் தள்ளிக்கோயேன்.”

“யாரைச் சொல்றீங்க?”

“உன்னைத்தான்டி!”

அவள் நகராமலே வாசலுக்குக் குரல் கொடுத்தாள்.

“தம்பி, இதையே முடிச்சிடுங்க. அந்தப் பழைய மாடிவீட்டுல இவர் சுத்திக்கிட்டுப் போக வழி இருந்ததுதான் தொந்தரவு!”