செவ்வாய்க்கிழமைத் தோள்கள்

"தெம்புக்காக இந்த ஜெல்லப் பூசுற இடத்துல வேற யாரும் தொட்டுடக் கூடாது சார். இந்த ஹார்மோன் அவங்க உடம்புலயும் ஏறிடும்," என்று நர்ஸ் எச்சரித்தாள். மனைவி இறந்த பின் ஒன்பது வருடமாகத் தனியாக இருக்கும் சிகாமணி, கவனமாக இருப்பதாக வாக்குக் கொடுத்தார். காலை வேளைகளில் இரண்டு தோள்களிலும் ஜெல்லைத் தடவிக்கொண்டு, யார் மேலும் பட்டுவிடாதபடி, அது காயும்வரை காலி வீட்டின் நடுவில் நிற்பார்.

செவ்வாய்தோறும் பயிற்சிக்கூடத்தில் உடற்பயிற்சி. முதல் நாள் அவரால் நாற்காலியிலிருந்து எழவே முடியவில்லை. பயிற்சியாளன் நெல்சன்தான் தோள்களைப் பிடித்துத் தூக்கிவிட்டான். நான்கு மாதத்தில் கால்களுக்கு வலு வந்துவிட்டது. இன்று காலை வீட்டில் கைகளைக் கட்டிக்கொண்டே பத்து முறை எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு நான் புடிக்க மாட்டேன் சார். நீங்களே எழுந்திரிங்க பாப்போம்," என்றான் நெல்சன்.

சிகாமணி பாதி எழுந்தார். முழங்கால்களைக் கொஞ்சம் நடுங்கவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"முடியல தம்பி."

கையில்லாத பனியனுக்கு வெளியே, வெறும் தோள்களில் நெல்சனின் சூடான உள்ளங்கைகள் வந்து அழுந்தின. அவனுக்கு ஒன்றும் ஆகாது. செவ்வாய்க்கிழமைகளில் அவர் ஜெல் பூசுவதில்லை. தோள்களை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவார்.