பழையபடி

கள்ளக்குறிச்சி கோடிங் வகுப்பில், தேர்வுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் எழில்மதியின் இணையப் பக்கம் குலைந்துபோனது. கடைசியாகச் செய்ததை ஒவ்வொன்றாக நீக்கும் கண்ட்ரோல் இசட்டைத் தட்டத் தொடங்கினாள். பிழை போனது. பக்கமே வெறுமையானது. பதற்றத்தில் விரல் நிற்கவில்லை. குடித்துவைத்த டீ கிளாஸ் நிறைந்து ஆவி பறந்தது. பொங்கலன்று கையில் சுட்டுக்கொண்ட தழும்பைக் காணோம். இன்னும் ஒரு தட்டு. செல்போன் அடித்தது. எடுத்தாள்.

“கச்சிராயபாளையம் பஸ் ஏறிட்டியாடி? சாப்டாம குந்திக்கினு இருக்கேன்.”

போன ஆடியில் இறந்துபோன ஜீவா அக்காவின் குரல்.

பயிற்சியாளர் அன்புச்செல்வன் பின்னால் வந்து நின்றார். “இன்னாங்க, எல்லாம் அழிஞ்சிருச்சா? ரீடூ குடுத்தா நீக்குனதெல்லாம் பழையபடி வந்துடும். நவுருங்க.”

“அக்கா, வெச்சிடாத. பேசிக்கினே இரு” என்றாள் எழில்மதி.

அவர் விரல் கீபோர்டுக்கு வந்துவிட்டது.