ஓட்டை இலை

ஓட்டை விழுந்த இலைகளாகப் பார்த்துப் பார்த்து அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான் ஜெரார்தோ. வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னப் பாத்தி அது. கடுகளவு கறுப்புப் பூச்சிகள் துள்ளித் துள்ளித் தின்று, ருக்கோலாக் கீரை மொத்தத்தையும் சல்லடையாக்கி வைத்திருந்தன.

“ஏய்யா, உனக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா?” இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள் ஃபிலோமேனா. “பெத்த பொண்ணுக்கு அனுப்புற பெட்டியில இந்தக் குப்பையையா வைக்கப்போற? இதைக் கோழிக்குப் போடலாம்!”

“இதுதான் நல்லாக் காரமா இருக்கும். அவ இதைத்தான் கேட்டா.”

“அவ கீரை கேட்டா. ஓட்டையா கேட்டா? பெட்டியைத் திறக்கிறது சம்பந்தியம்மாய்யா! போன தடவை நம்ம தொத்திறைச்சியையே மோந்து பாத்துட்டுத் தள்ளி வச்ச மகராசி. இதைப் பாத்தா, ‘தெக்கத்திக்காரங்க பூச்சி தின்ன மிச்சத்தைத்தான் திம்பாங்க போல’ன்னு வாய் கூசாம சொல்லுவா. அங்க பிளாஸ்டிக் குடிலுக்குள்ள பூச்சி படாம தளதளன்னு நிக்குது, அதுல ஒரு கட்டு...”

“குடில் கீரை விக்கிறதுக்கு. அதுல கை வைக்காதேன்னா வைக்காதே!”

அவன் போட்ட சத்தத்தில் ஃபிலோமேனா திகைத்துப்போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் இப்படிக் கத்தியதில்லை. “ஒரு கட்டுக் கீரைக்கு இவ்வளவு ஆங்காரமா?” என்று முணுமுணுத்தபடி உள்ளே போனாள்.

மகள் அன்னரீட்டா வாழ்க்கைப்பட்டது வடக்கே, தூரினில். முதல் கரு கலைந்து, அழுது அழுது ஓய்ந்த பிறகு இப்போதுதான் மறுபடி உண்டாகியிருக்கிறாள். அந்த ஊர்க் கீரை சப்பென்று இருக்கிறதாம். நம் மண்ணில் விளைந்ததுதான் வேண்டுமாம். தெற்கே இவர்கள் இருக்கும் சேலே ஆற்றுச் சமவெளியில், வடக்கே பிள்ளையைக் கொடுத்த வீடுகளிலிருந்து ஊர்ப் பெட்டி ஏறாமல் சாயங்கால பஸ் கிளம்பாது.

ஜெரார்தோ கத்தியதற்குக் காரணம் வேறு. முந்தின நாள் ஃபிலோமேனா கோயிலுக்குப் போயிருந்தபோது, குடிலின் வாசலோரம் அதே பூச்சி துள்ளுவதைப் பார்த்துப் பதறி, குடில் முழுக்க மருந்து அடித்துவிட்டான்; வீட்டுக்குப் பின்னால் இருந்த பாத்தியை மட்டும் தொடவில்லை. அடித்தால் மருந்துப் புட்டியில் போட்டிருக்கிற கெடு முடியும்வரை கத்தி வைக்கக் கூடாது. பச்சையாகத் தின்கிற கீரை. சமைத்தால் போய்விடும் என்று சொல்லவும் வழியில்லை.

அன்றைக்கே தரகன் சீரோ கூப்பிட்டான். “அண்ணே, காலையில வேன் வருது. சரக்கு ரெடியா?”

“மருந்து அடிச்சிருக்கேன் தம்பி. கொஞ்ச நாள் பொறுத்துக்க.”

“பொறுக்கவா? அதுக்குள்ள பூ விட்டு, இலை கசந்து போயிடும். அப்புறம் நீயே வச்சுத் தின்னு. கழுவித்தானேண்ணே சாப்பிடுவாங்க! யாரோ ஊர் பேர் தெரியாதவன் திங்கப் போறான், உன் வீட்டு ஆளா திங்குது? முடியாதுன்னா சொல்லிடு, இனிமே இந்தப் பக்கம் வேனே வராது.”

ஜெரார்தோ சரி என்றுவிட்டான். அந்த ‘யாரோ’ ராத்திரி முழுக்க அவனைத் தூங்கவிடவில்லை. ஃபிலோமேனாவிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வேனுக்குக் குறுக்கே படுத்துவிடுவாள், அப்படிப்பட்டவள். விழுங்கிக்கொண்டான்.

இன்று காலை, ஃபிலோமேனா முணுமுணுத்தபடி உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. மறுபடி துளிர்க்கட்டும் என்று அடியில் இரண்டு விரல் விட்டு அறுத்து, பெட்டி பெட்டியாக அவனே தூக்கி அடுக்கினான். ஃபிலோமேனாவை அந்தப் பக்கமே அண்ட விடவில்லை.

“நீ போய் மகளுக்குப் பெட்டி கட்டு. நான் சீரோவுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிட்டு வரேன்.” அவர்கள் காப்பி குடித்து முடிக்கும்வரை வேனின் பின்கதவு திறந்தே கிடந்தது.

சாயங்காலம் பாலாடைக்கட்டியும் எலுமிச்சையும் கீரையுமாகக் கனத்த பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினான். “அலுங்காம வையுங்க, புள்ளைத்தாச்சிக்குப் போகுது” என்று டிரைவரிடம் நாலு தடவை சொன்னான். டிரைவருக்கே அலுத்துவிட்டது.

திரும்பி வந்தபோது கோழிகள் பச்சையாக எதையோ போட்டி போட்டுக் கொத்திக்கொண்டிருந்தன. ஃபிலோமேனாவின் முகத்தில் காலையில் இருந்த கோபம் இல்லை. ஏதோ பாட்டுக்கூட முனகிக்கொண்டிருந்தாள். அப்பாடா, இவளாவது சமாதானமானாளே என்று அவன் படுக்கப் போனான்.

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தான்.

“அப்பா, பெட்டி வந்துடுச்சு!” அன்னரீட்டாவின் குரலில் எத்தனையோ மாதமாக இல்லாத துள்ளல். “கீரையை நான் யாருக்கும் கொடுக்கலையே! மத்தியானம் ஒரு தட்டு, இப்ப ஒரு தட்டு.”

ஜெரார்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரான் பிள்ளைக்குச் செய்த பாவம் பாவம்தான். தன் பிள்ளை வரைக்கும் அது போகவில்லை, கர்த்தருக்குத் தோத்திரம். “தின்னும்மா, நல்லாத் தின்னு. வயித்துல இருக்கிறதுக்கும் சேத்துத் தின்னு.”

“எங்க அத்தைகூட வாயடைச்சுப் போயிட்டாங்கப்பா!” அன்னரீட்டா சிரித்தாள். “ஒரு இலையிலகூட ஓட்டையே இல்லையே!”