ஆறாம் மாடிக்கு மேலே

“ஆண்டவர் எனக்குச் செஞ்சதைச் சாட்சியா சொல்ல ஆரம்பிச்சா, என் வீட்டுக்காரியே எழுந்து போயிடுவா சார். நீங்க வசமா மாட்டிக்கிட்டீங்க!”

லிஃப்ட் மெக்கானிக் கதவிடுக்கில் பேச்சுக்கொடுத்தபடியே கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்தார். உள்ளே சிக்கியிருந்தவர் அழுதுகொண்டிருந்தார். பயம்தான், பாவம்.

“அப்புறம்?” என்றது உள்ளிருந்த குரல்.

“என் பொண்ணு இறந்ததும் ஒரு வாய் சாப்பாடு இறங்கல. ஒரு நாள், ‘இயேசப்பா, என்னால முடியல, கையப் பிடிச்சுக்கோங்க’ன்னு அழுதேன். பொண்ணு திரும்பி வரல. ஆனா அன்னைக்குத்தான் எனக்குப் பசிச்சுது. அவர் என்னைக் கைவிடல சார்.”

கதவு திறந்தது.

“இனிமே பயமில்ல. எந்த மாடிக்குப் போகணும்?”

“மொட்டைமாடிக்குத்தான் கிளம்பினேன். எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு.”

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, தரைத்தளத்துக்கான பொத்தானை அழுத்தினார்.

“வீட்டுக்குத் தனியாப் போகத் தெம்பில்லண்ணே. கூட வர்றீங்களா?”