ஒன்றுக்கொன்று காத்திருந்தவை

அவள் திரையில் வந்து நின்றது, அவளையே நீக்கும் மாற்றம்.

அதற்கும் அவள்தான் ஒப்புதல் தர வேண்டும். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான்.

அந்த அலுவலகத்தில் யார் புரோகிராம் எழுதினாலும் அவள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வெளியே போகும். இனி எழுதுவதற்கு ஓர் ஏஐ ஏஜென்ட். சோதிப்பதற்கு இன்னொன்று. பிழை பார்க்க, அதாவது அவள் வேலைக்கு, மூன்றாவது. எது முடித்த பிறகு எது தொடங்க வேண்டும் என்று மூன்றுக்கும் விதி எழுதியவன் பக்கத்து இருக்கை பிரசன்னா.

நாளைக் காலை எம்.டி. முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

ஓடினால் மாதக் கடைசியோடு அவள் கிளம்பலாம். அதை எம்.டி. சிரித்த முகத்தோடு நேரிலேயே சொல்லிவிட்டார். திக்கித் திணறினால் இந்தக் கூத்தே வேண்டாம், பழையபடி நடக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார்.

ஐம்பதை நெருங்கும் வயதில் இன்னொரு வாசலில் போய் நிற்க அவளுக்குத் தெம்பில்லை. அழுகை வந்தது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வாசிக்க ஆரம்பித்தாள்.

வரிவரியாக. எப்போதும்போல.

பாதிக்கு மேல் ஓரிடத்தில் கண் நின்றது.

பிழை பார்க்கும் ஏஜென்ட் பதில் சொல்லும்வரை எழுதும் ஏஜென்ட் எதையும் கொடுக்காமல் காத்திருக்கும். பிழை பார்ப்பது, சோதனை முடியும்வரை காத்திருக்கும். சோதிப்பதோ, எழுதுவது கொடுத்தால்தான் தொடங்கும்.

நல்ல கதை. ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு வேலையும் நகராது.

பிழையைக் கண்டுவிட்டால் அவளுக்கு அது பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி. எடுக்கும்வரை நாக்கு சும்மா இருக்காது.

மற்றதெல்லாம் மறந்துபோனது. திருத்தத்தைத் தானே எழுதினாள். ஓட்டிப் பார்த்தாள். தடங்கலே இல்லை. எங்கே தவறு, ஏன் தவறு என்று கீழே ஒரு குறிப்பும் வைத்தாள். குறிப்பு வழக்கப்படி எம்.டி.க்கும் போனது.

ஒப்புதலை அழுத்தினாள்.

"இவ்வளவு பெரிய ஓட்டைய எப்படிப்பா விட்ட?"

கேட்கும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிரசன்னா குறிப்பை வாசித்தான். வாசித்து முடித்தும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"தெரிஞ்சேதான்க்கா விட்டேன்."



திரையில் ஏஜென்டுகள் வேலையைத் தொடங்கியிருந்தன. எழுதுவது எழுதிக் கொடுத்தது. சோதிப்பது சோதித்து அனுப்பியது. அடுத்து பிழை பார்ப்பதன் முறை.

அவள் கை தன்னால் மவுஸுக்குப் போனது.

அதற்குள் சரி என்று பச்சை விழுந்துவிட்டது.