ஓர் எறும்பு நீளம்

மாமரத்து முசுறு எறும்புகளில் செங்கமலம் நிறையக் கற்றவள். இலைகளை இழுத்துக் கூடு தைப்பதற்கான பதினாறு விதிகளும் அவளுக்கு மனப்பாடம். ஒருமுறைகூட இழுத்ததில்லை, அவ்வளவுதான்.

அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. முட்டைகள் நனைந்தால் வம்சமே போச்சு. ஒருத்தி இடுப்பை ஒருத்தி கவ்விச் சங்கிலியாகத் தொங்கியும் எதிர் இலை எட்டவில்லை. செங்கமலம் மேலே நின்று ஏழாம் விதியை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஓர் ஆள் நீளம்தான் குறையுது. இறங்கி வாங்க!" என்று கத்தினாள் நுனியில் தொங்கிய பொன்னி. மற்றவர்களுக்கு வாய் காலியில்லை.

செங்கமலம் சங்கிலி வழியே இறங்கினாள். பொன்னி அவள் இடுப்பைக் கவ்வ, அவள் எட்டி இலையைக் கடித்தாள். எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். இலைகள் கூடின.

தைத்து முடித்ததும் மழை கொட்டியது. உள்ளே ஒரு முட்டைகூட நனையவில்லை.

"ஜெயிச்சாச்சு அக்கா, இனி வாயைத் திறக்கலாம்!" என்று எல்லோரும் கூவினார்கள்.

செங்கமலம் இலையை விடுவதாக இல்லை.