மேற்கோளுக்கு முன்னால்

"அந்த முக்காற்புள்ளிய எடுத்துடு மச்சான். காற்புள்ளியே போதும்."

"அத்தான், காலையில காற்புள்ளிய எடுத்துட்டு முக்காற்புள்ளி வைக்கச் சொன்னதே நீங்கதானே?"

அச்சகக்காரர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பெருமூச்சு விட்டார். அவருடைய அக்கா இறந்து நாளையோடு ஒரு வருடம். அக்கா சொன்னவற்றில் மறக்க முடியாததை வீட்டார் ஆளுக்கொன்றாக எழுதித் தர, சின்னதாக ஒரு நினைவுப் புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. மகள் தந்துவிட்டாள். மருமகன் தந்துவிட்டார். பக்கத்து வீட்டம்மா கேட்காமலே மூன்று பக்கம் தந்துவிட்டாள். முதல் பக்கத்தில் மட்டும் ஒரு தொடக்கமும் ஒரு புள்ளியும் தவிர ஒன்றும் இல்லை. அது அத்தானுடையது. மதியத்துக்குள் அச்சேறாவிட்டால் நாளைக்குப் புத்தகம் கிடையாது.

அத்தான் முப்பத்தைந்து வருடம் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தியவர். அவர் கைபட்ட புத்தகத்தில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்ததாக யாரும் சொன்னதில்லை.

"அதுல ஒரு கணக்கு இருக்கு" என்று நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். "'அவ சொன்னா'ன்னு லேசா நிறுத்திட்டுப் பேச்ச ஆரம்பிச்சா காற்புள்ளி. ஒரு மூச்சு விடுற நேரம், அவ்வளவுதான். 'அவ சொன்னது இதுதான்'னு நம்ம பேச்ச முடிச்சுட்டு அவ பேச்சுக்கு வழி விட்டா முக்காற்புள்ளி. அவ பேச்சு நம்ம வாக்கியத்துக்குள்ளயே கலந்து ஓடுச்சுன்னா முன்னால ஒண்ணுமே வேணாம்."

"சரி."

"பக்கத்து வீட்டம்மா பக்கத்தப் பாரு. 'அவங்க விரும்பிப் படிச்ச'ன்னு எழுதி, ஒரு காற்புள்ளி போட்டு, புத்தகத்துத் தலைப்ப எழுதியிருக்கா. தலைப்புங்கறது ஒரு பேரு மச்சான். ஆளக் கூப்பிடுறப்ப பேருக்கு முன்னால நின்னு மூச்சு வாங்குவியா? ஒற்றை மேற்கோள் போட்டா முடிஞ்சது."

"பாடமெல்லாம் பிரமாதம். மெஷின்காரர் வெளியில நின்னு என்னை முறைக்கிறாரு. அக்கா சொன்னத மட்டும் கொடுங்க, முன்னால எந்தப் புள்ளி வேணாலும் வைக்கிறேன். ஆசைப்பட்டா எல்லாத்தையும் வரிசையா வைக்கிறேன்."

அத்தான் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளை மடிக்கப் போனார். அச்சகக்காரர் எட்டி உருவிக்கொண்டார்.

'என் மனைவி சொல்வாள்' என்று ஒரு வரி. 'என் மனைவி சொன்னது' என்று ஒரு வரி. இப்படி எட்டுத் தொடக்கங்கள், எட்டிலும் அடித்தல் திருத்தல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அழகாகத் திறந்து மூடிய மேற்கோள் குறிகள். நடுவே வெறும் தாள்.

"என்ன அத்தான் இது? நாப்பது வருஷம் அக்காகூட வாழ்ந்திருக்கீங்க!"

அத்தான் தரையைப் பார்த்தார்.

"புரூஃப் பார்க்குறப்ப விஷயத்துல மனசு போகக் கூடாது. போனா பிழை தப்பிச்சுடும். எழுத்தப் பார்க்கணும், புள்ளியப் பார்க்கணும். வீட்டுக்கு வந்தும் அதே தாளு, அதே பழக்கம். அவ பக்கத்துல உக்காந்து பேசுவா, நான் 'ம்'ம்பேன். வாக்கியம் எங்க முடிஞ்சதுன்னு தெரியும் மச்சான். என்ன வாக்கியம்னு தெரியாது."

அச்சகக்காரரின் கோபம் எங்கோ போய்விட்டது. "என்கிட்ட அக்கா சொன்னது நிறைய இருக்கு. ஒண்ணு தர்றேன், உங்க பேர்ல போட்டுடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"வேணாம்." அத்தான் நிமிர்ந்தார். "எனக்கும் ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருக்கு. தினமும் சொன்னது. அதப் போடத்தான் கூச்சமா இருந்துச்சு. போடு. முக்காற்புள்ளியே இருக்கட்டும்."

அவர் சொல்லச் சொல்ல, அச்சகக்காரரின் விரல்கள் விசைப்பலகையில் தயங்கித் தயங்கி நகர்ந்தன.

என் மனைவி என்னிடம் தினமும் சொன்னது: "நான் பேசுறது உங்க காதுல விழுதா?"